ஏழாவது ரவுண்டு

"மாமா, உள்ள போய் அப்பா முன்னாடி அழுதீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், இப்பவே சொல்லிட்டேன்" என்று படிக்கட்டுத் திருப்பத்தில் அவரை மறித்துக்கொண்டு நின்றாள் அவள்.

மூன்றாவது மாடிக்கு இன்னும் ஒன்பது படி பாக்கியிருந்தது. இடிதாங்கி மாமா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு, வெளியூரில் மகள் வீட்டில் இரண்டரை மாதம் கிடந்துவிட்டு, நேற்றுதான் ஊர் திரும்பியிருந்தார். வந்த பிறகுதான் அவள் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். எழுபது தாண்டியும் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு அவருக்கு.

"நான் எதுக்கு பாப்பா அழப்போறேன்? குடல்புண்ணுக்கெல்லாம் எவனாவது அழுவானா?"

"அதான். குடல்புண்ணு. அந்தப் பேரத் தவிர வேற பேரு உங்க வாயில வரக்கூடாது. எளச்சுட்டியேன்னு சொல்லக்கூடாது. பாத்தவுடனே வாசல்லயே நின்னுடக்கூடாது. எப்பவும் போல வம்பிழுங்க. அவரு அதுக்குத்தான் காலையிலேர்ந்து காத்துக்கிட்டு இருக்காரு."

"ரொம்ப எளச்சிருக்கானா?"

"வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் ஏறினாள்.

இடிதாங்கி என்பது அவருடைய பெயர் இல்லை, அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு என்பதே அவளுக்குப் பத்து வயதுக்கு மேல்தான் தெரியும். ஐஸ் பேக்டரியில் பாளம் தூக்கிக்கொண்டிருந்தவர். குத்துச்சண்டை ரிங்குக்குள் எத்தனை அடி விழுந்தாலும் அசையாமல் நிற்பார் என்பதற்காகப் பார்க்க வந்தவர்கள் வைத்த பட்டம் அது. அப்பா சரக்கு ரயில் யார்டில் பெட்டிகளைக் கோர்த்துவிடுகிற வேலையில் இருந்தார். அவருக்கு ரெட்டைக்கதவு என்று பெயர். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியாதாம். இரண்டு பேரும் ஹெவிவெயிட். அந்த ஊரில் அந்த எடையில் வேறு ஆளே கிடையாது. ஆகையால் இந்த இருவரையும் மோதவிட்டுப் பார்த்துவிடுவது என்று பத்து ரவுண்டுப் போட்டி ஒன்று ஏற்பாடாகி, சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டி, யார்டுக்காரர்களும் ஐஸ் பேக்டரிக்காரர்களும் ஒரு மாதம் வேறு பேச்சே பேசவில்லை.

போட்டி நடக்கவில்லை. அன்றைக்கு இவர்களுக்கு முன்னால் சண்டை போட்ட இரண்டு ஒல்லிப்பிச்சான்கள் கட்டிப்பிடித்தபடி ஒன்றாக விழுந்ததில் ரிங்கின் பலகை படீரென்று இறங்கிவிட்டது. அவர்களையே தாங்காத மேடை இந்த மலைகளைத் தாங்குமா என்று ரெஃப்ரி கையை விரித்துவிட்டார். அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த மாதத்துக்குள் இரண்டு சரக்குப் பெட்டிகளின் கொக்கிகளுக்கு நடுவே அப்பாவின் இடது மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. அத்தோடு கிளவுஸைக் கழற்றி வைத்தவர்தான்.

பிறகு அந்தப் போட்டி வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது. முப்பத்தெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதை நடத்தினார்கள். அதற்கு ஒழுங்காகச் சட்டதிட்டமெல்லாம் உண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம் பேச வேண்டும், ஒரு நிமிஷம் வாயைத் திறக்கக்கூடாது, தண்ணீர் குடிக்கலாம். தான் அடிக்கிற அடியை மட்டும்தான் சொல்லலாம். அது பட்டதா இல்லையா என்பதை அடி வாங்குகிறவன் சொல்ல வேண்டும், அதுவும் மனசாட்சிப்படி. அந்த மனசாட்சியில்தான் எல்லாத் தகராறும். முட்டி மோதி, முதல் ஆறு ரவுண்டை ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொண்டு ஒரு வழியாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஏழாவதைத் தாண்ட முடியவில்லை. ஏழாவதில் தன்னுடைய வலது கைக் குத்து தாடையில் இறங்கி இடிதாங்கி சாய்ந்துவிடுவான் என்பது அப்பாவின் கட்சி. அந்தக் கை வருவதற்கு முன்பே தான் குனிந்து விலாவில் ஒன்று விட்டிருப்பேன், ரெட்டைக்கதவு திறந்துகொண்டிருக்கும் என்பது மாமாவின் கட்சி. யாரும் ஒரு அங்குலம் இறங்கி வந்ததில்லை. அம்மா இறந்த பத்தாம் நாள், அப்பா பச்சைத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமா வந்து எதிரில் உட்கார்ந்து, "என்ன சொன்னாலும் விலாவுலதான்டா" என்று ஆரம்பித்தார். அரை மணி நேரம் வீடே அதிரும்படி சண்டை போட்டுவிட்டு அன்றைக்குத்தான் அப்பா ஒரு தட்டு சோறு சாப்பிட்டார்.

இப்போது வீட்டில் அப்பாவும் அவளும்தான். பத்து வாரத்துக்கு முன்னால் டாக்டர் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கணையத்தில் கட்டி, பரவிவிட்டது, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் வெளியே வந்தபோது அப்பா பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "என்னவாம்?" என்றார். "குடல்புண்ணுப்பா" என்று அவள் வாயில் வந்துவிட்டது. வந்ததை அப்புறம் மாற்ற முடியவில்லை. மூன்றாவது வாரம் ஒரு தடவை, "புண்ணுதானே?" என்று கேட்டார். "புண்ணுதான்ப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அவளுக்குப் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. அப்பாவின் மேல் பற்களும் கீழ்ப் பற்களும் அவள் கையால் செய்தவை. ஈறு சுருங்கச் சுருங்க செட் ஆட ஆரம்பித்து, இரண்டு தடவை உள்பக்கம் பூச்சு ஏற்றிக் கொடுத்தாள். செட் பழசாகிவிட்டது என்று அதற்கும் ஒரு பொய் சொன்னாள். பத்து நாளாக அவர் அதைப் போட்டுக்கொள்வதே இல்லை. இன்றைக்குக் காலையில் அவராகவே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். "பொக்க வாயோட இருந்தா அந்தப் பய சிரிப்பான்" என்றார்.

மாமா கதவருகில் வந்து, சொல்லிவைத்ததையெல்லாம் மறந்து, அப்படியே நின்றுவிட்டார். அவரை முன்னால் விட்டிருந்த அவள், பின்னாலிருந்து அவர் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். சுவரைத் தள்ளுவது போலிருந்தது. ஒரு விநாடி கழித்து அது நகர்ந்தது.

"வாடா" என்றார் அப்பா. மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தார். "என்னடா நொண்டிக்கிட்டு வர்ற? இந்தக் காலோட பத்து ரவுண்டு நிப்பியா?"

"புதுக் காலுடா. உள்ள இரும்பு வச்சிருக்கான். உன் காலு மாதிரி நடுங்காது."

"இரும்பு வச்சா இன்னும் வேகமா ஓடுவ. ஆறு ரவுண்டும் ஓடுனவன்தானே நீ."

"யாரு? நானா ஓடுனேன்? பாப்பா, உங்கப்பன் பேசறதப் பாரு."

அவளுக்கு உயிர் வந்தது. பத்து வாரத்தில் அந்த அறையில் இவ்வளவு சத்தம் கேட்டதில்லை. அப்பாவின் கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியதைக்கூடப் பார்த்தாள். இன்னும் நான்கு வாரம் இவரைத் தினமும் வரச்சொன்னால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டாள். நம்பிக்கை வந்துவிட்டால் மனசுக்குக் கூச்சமே இல்லாமல் போய்விடுகிறது.

"கடிகாரத்தப் பாத்துக்கோம்மா" என்றார் அப்பா. "ஆறாவதுலேர்ந்து."

ஆரம்பித்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "இடதுல ரெண்டு. நெத்தியில."

"பட்டுச்சு" என்றார் மாமா.

அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். மாமா இதுவரை ஒரு அடியையும் அவ்வளவு சுலபமாக வாங்கிக்கொண்டதில்லை. உரசிட்டுப் போச்சு, கிளவுஸ்ல வாங்கிட்டேன், வியர்வைதான்டா தெறிச்சுது என்று ஆயிரம் சாக்கு வைத்திருப்பார். அப்பா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். மாமா தன்னுடைய அடிகளைச் சொன்னார், ஆனால் எங்கே அடிப்பது என்று தெரியாதவர் போலத் தேடித் தேடிச் சொன்னார். அப்பாவின் கழுத்துக்குக் கீழே இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் விழுந்திருந்த பள்ளத்திலேயே அவர் கண் இருந்தது. இடைவெளி நிமிஷத்தில் அவள் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள். பாதி மோவாயில் வழிந்தது. துடைத்துவிட்டாள்.

"ஏழு" என்றார் அப்பா. அந்த ஒரு சொல்லில் பழைய மிடுக்கு இருந்தது. "வலது... தாடையில..."

அங்கேயே மூச்சு நின்றுவிட்டது. வாயைத் திறந்துகொண்டு காற்றைத் தேடினார். அவள் தலையணையை உயர்த்தினாள். கடிகாரத்தில் அரை நிமிஷம் ஓடியது. இப்போது மாமாவின் முறை. அவர் வாயைத் திறக்கவில்லை. அப்பா பேச முடியாமல், கோணிப்போன இடது கையின் விரல்களால் வா, வா என்று அவரை அழைத்தார்.

"சொல்லுடா" என்றார் கடைசியில்.

"பட்டுச்சுடா" என்றார் மாமா. "விழுந்துட்டேன். பத்து எண்ணியும் எந்திரிக்கல. நீதான்டா ஜெயிச்ச."

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்து வீம்பை ஒரு மனுஷன் இப்படிச் சட்டென்று இறக்கி வைக்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்று கண் கலங்கக்கூடச் செய்தது. அப்பாவின் முகம் மலரும் என்று திரும்பிப் பார்த்தாள்.

அப்பா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விலாவுல விடலியா?"

"இல்லடா."

"குனியவே இல்லியா நீ?"

"எங்கடா குனிய விட்ட?"

அப்பா, அவளைப் பார்க்காமல், மாமாவிடமே கேட்டார். "எத்தன நாளு சொல்லிருக்காங்க?"

"என்னடா நாளு? குடல்புண்ணுக்கு ஏதுடா நாள் கணக்கு?" என்றார் மாமா.

"குடல்புண்ணுக்கெல்லாம் நீ தோத்துக் குடுக்கமாட்டடா" என்றார் அப்பா.

மூன்று நிமிஷம் முடிந்து நான்காவதும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவள் மாமாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"என்ன மாமா பண்ணிட்டீங்க? என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"நீ சொன்னதெல்லாம் செஞ்சேனே பாப்பா. அழல. அந்தப் பேரச் சொல்லல. எளச்சுட்டன்னு சொல்லல." பெரிய கைகள் இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். "அவன் விலாவப் பாத்தேன். சட்டைக்கு மேலயே எண்ணலாம் போலிருக்கு. அதுல போயி எப்பிடி பாப்பா அடிப்பேன்? வாயால சொல்றதுதான், தெரியுது. வரல."

அவரைத் திட்டுவதற்கு அவளிடம் நிறைய வார்த்தைகள் இருந்தன. ஆனால் அவள் கொடுத்த பட்டியலில் தோற்கக்கூடாது என்று ஒரு வரி இல்லை. அதை எழுத யாருக்குத் தோன்றும்?

அவள் மட்டும் அறைக்குத் திரும்பிப் போனாள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு மாடியில் ஒரு பெண் போர்வையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ எத்தன நாளா வச்சிருக்க இத?"

"பத்து வாரம்ப்பா."

"தனியாவா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அடிப்பாவி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து மறைத்தால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய போர்வையின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எதற்கு என்று தெரியவில்லை. பொய் சொன்னதற்கா, அதைக் கடைசி வரை காப்பாற்றத் தெரியாததற்கா?

"அவன் அங்க அழறானா?"

"ஆமாப்பா."

"கூப்பிடு. மூஞ்சத் தொடச்சிட்டு வரச்சொல்லு."

மாமா சமையலறையிலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு, நிமிர்ந்து, சண்டைக்காரன் மாதிரியே உள்ளே வந்தார். "டேய், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டா. நீ உண்மையின்னு நெனச்சுக்கிட்டியா? உன் வலது கை வர்றதுக்கு முன்னாடி நான் குனிஞ்சாச்சு. விலாவுல விட்டேன் பாரு ஒண்ணு!"

அப்பா அவரை நிதானமாகப் பார்த்தார்.

"பட்டுச்சு" என்றார்.

மாமாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "என்னது?"

"பட்டுச்சுடா. முட்டி மடிஞ்சிடுச்சு."

"இல்லன்னு சொல்லுடா." மாமாவின் குரல் எங்கேயோ போயிற்று. "தட்டிவிட்டேன்னு சொல்லுடா. முப்பத்தெட்டு வருஷமா அப்பிடித்தானேடா சொன்ன. பொய்யி, படலன்னு சொல்லுடா, டேய்!"

"பட்டத படலன்னு எப்பிடிச் சொல்றது" என்றார் அப்பா. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நண்பன் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாரா, நிஜமாகவே அலுத்துப்போய்ச் சொன்னாரா, அவளுக்கு இன்றுவரை தெரியாது. மாமா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இல்லன்னு சொல்லுடா, இல்லன்னு சொல்லுடா என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். அவ்வளவு பெரிய மனுஷன் அப்படிக் கெஞ்சுவதை அவளால் பார்க்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. அப்பா அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

மத்தியானம் வலிக்கான மருந்தைக் கொடுத்தாள். பல் செட்டைக் கழற்றி எடுத்தாள். மாமா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு அப்பாவின் இடது மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றதற்கு மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். அப்பாவின் மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நீண்டுகொண்டே போயிற்று. எதிர் வீட்டுப் போர்வை காய்ந்து, அந்தப் பெண் வந்து அதை எடுத்து மடித்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அடுத்த மூச்சு வரவில்லை. அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"தூங்கிட்டானா?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

பத்து வாரப் பழக்கத்தில், "ஆமா மாமா" என்றாள் அவள்.

அவர் நம்பிவிட்டார். போர்வையை இழுத்து அப்பாவின் கையை மூடிவிட்டார். கை அசங்கி எழுந்துவிடப் போகிறாரே என்று அவ்வளவு பதனமாக மூடினார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் உடைந்து அழுதாள்.

சாயங்காலம் அப்பாவை எடுத்துக்கொண்டு போக வண்டி வந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு ஆட்கள் மேலே ஏறி வந்தார்கள். கீழ்த்தளத்தில் தையல் மிஷின் வைத்திருப்பவர் உதவிக்கு வந்து நின்றார். மாமா எல்லோரையும் விலக்கிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனார்.

"பெரியவரே, காலு சரியில்லாம வச்சுக்கிட்டு நீங்க எதுக்கு? தள்ளுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றான் வண்டிக்காரன்.

"இந்தப் பக்கம்தான்ப்பா கனம். நான் புடிக்கிறேன்." இரண்டு பக்கக் கம்பிகளிலும் கையைக் கொடுத்து, புது முட்டியை மடக்கி, இடுப்பை இறக்கி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "பாத்துத் தூக்குங்கப்பா. பெரிய உடம்பு."

மூன்று எண்ணித் தூக்கினார்கள். தலைமாடு விருட்டென்று மாமாவின் மார்பு வரைக்கும் எழும்பிவிட்டது. ஸ்ட்ரெச்சர் கால்பக்கம் சரிந்தது. அவள் பாய்ந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாமா தன் கைகளைப் பார்த்தார், பிறகு மெதுவாக இறக்கி இடுப்பளவுக்குக் கொண்டுவந்தார்.

"விடுங்க பெரியவரே, நாங்க ரெண்டு பேரே போதும்" என்றான் வண்டிக்காரன் மறுபடியும்.

மாமா விடவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் நின்று, தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"கொஞ்சம் நில்லுங்கப்பா" என்றார். "கனமா இருக்கு."

வண்டிக்காரன் அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவளும், கனத்தில் கை கடுத்துப்போனவள் போல, விளிம்பைப் பிடித்திருந்த வலது கையை எடுத்து உதறிவிட்டு, இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.